எடுத்தெழுதப்பட்ட பிழை

பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அவர்களுடைய கெட்ட பழக்கங்களைக் கேட்டு எழுதுவதும், எழுதியதை உலகத்தில் யார் யார் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று பிறகு எண்ணுவதும் ஒரு தொழில் என்றால் நம்பமாட்டீர்கள். நான் அதைப் பதினொரு வருடம் செய்தேன்.

அடையாள அட்டையில் 'ஆய்வு உதவியாளர்' என்று போட்டிருந்தது. யாழ்ப்பாணத்தின் வலிகாமம், தென்மராட்சிப் பகுதிகள் முழுக்க ஸ்கூட்டியில் திரிந்தேன். கேள்வித்தாள்கள் நனையாமல் இருக்க அவற்றை உரப்பையில் சுற்றிக் காலடியில் வைத்திருப்பேன், நான் நனைவேன். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: 'கட்டிளம் பருவத்தினரின் சுகாதார இடர் நடத்தைகள்'. பிள்ளைகள் புகைக்கிறார்களா, குடிக்கிறார்களா, தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடுகிறார்களா, ஒருவரை ஒருவர் அடிக்கிறார்களா என்று பார்ப்பதுதான் அந்தப் பெரிய பெயருக்குள் இருக்கும் வேலை.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது கதவடியில் நின்று, "ரீச்சர், ஒரு பாடவேளை தருவீங்களோ?" என்று இளித்தவள் நான்தான். பாடவேளையைத் தந்துவிட்டுப் பாடத்திட்டம் முடியாமல் திண்டாடிய ஆசிரியர்களே, கட்டம் கட்டமாகக் கை நோகப் புள்ளடி போட்ட பிள்ளைகளே, 'இதில் கையெழுத்து வைத்துவிடுங்கள்' என்றதும் வைத்துத் தந்த பெற்றோரே, நாமெல்லோரும் ஒரே இடத்தில் அடி வாங்கியவர்கள். ஆனால் அந்த அடியில் என்னுடைய கையும் இருந்தது. அதனால் இதைக் கோபமில்லாமல் எழுத எனக்கு வராது.

அதிபரின் அலுமாரி

கொடிகாமம் தாண்டி உள்ளே போனால் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அதிபர் ஓய்வு பெறும் வயது. நான் கொண்டுபோன அனுமதிக் கடிதத்தை வாசிக்காமலேயே எழுந்துபோய் இரும்பு அலுமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டு நிறையக் கடிதங்கள். நாங்கள் கொடுத்தவை, எங்களுக்கு முன்னே வந்தவர்கள் கொடுத்தவை, வெளிநாட்டிலிருந்து படிப்புக்காக வந்தவர்கள் கொடுத்தவை. எல்லாவற்றின் அடியிலும் ஒரே வரி: 'ஆய்வின் முடிவுகள் பாடசாலைக்கு அறியத்தரப்படும்.'

"இதிலை ஒண்டு சொன்னபடி வந்ததோ எண்டு தேடிப் பாரும்," என்று என்னிடம் கடிதக் கட்டைத் தந்தார். நான் தேடுவதுபோலப் பாவனை செய்தேன். வராது என்று எனக்குத் தெரியும். முடிவுகள் ஆங்கிலத்தில், காசு கட்டினால்தான் திறக்கும் சஞ்சிகைகளில் இருந்தன. "இந்தமுறை நான் கட்டாயம் அனுப்புவன் சேர்," என்றேன். அதையும் எனக்கு முன்னால் வந்த யாரோ ஒருத்தி சொல்லியிருக்க வேண்டும், மனிதர் சிரித்துவிட்டார்.

"தங்கச்சி, டொக்டர் வந்து நாடி பிடிச்சுப்போட்டு, என்ன வருத்தமெண்டு வெளிநாட்டு ஆக்களுக்கு மட்டும் சொல்லிப்போட்டுப் போறமாதிரிக் கிடக்கு உங்கடை வேலை."

பதினாலாவது கேள்வி

சண்டிலிப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பெயரைச் சொல்லமாட்டேன், அந்தப் பிள்ளைகள் பட்டது போதும். சுற்றிவரப் புகையிலைத் தோட்டம். அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். ஒன்பதாம் ஆண்டு வகுப்பில் கேள்வித்தாளைக் கொடுத்தேன். எங்களுக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது: பிள்ளைகள் கேள்விக்கு விளக்கம் கேட்டால் சொல்லக்கூடாது. நாங்கள் வாயைத் திறந்தால் பதில் மாறிவிடுமாம். 'உமக்கு விளங்கினபடி போடும்' என்று மட்டும் சொல்ல வேண்டும்.

பதினாலாவது கேள்வி இப்படி இருந்தது: 'கடந்த முப்பது நாட்களில் எத்தனை நாட்கள் நீங்கள் புகையிலைப் பொருட்களைக் கையாண்டீர்கள்?' ஆங்கிலத்தில் 'பாவித்தீர்கள்' என்ற கருத்தில் இருந்ததை, புகையிலைச் செடியைக் கண்ணால் காணாத யாரோ ஒருவர் 'கையாண்டீர்கள்' என்று மொழிபெயர்த்திருந்தார். முன்வரிசையில் ஒரு பிள்ளை கை உயர்த்தினாள். தர்சிகா. வகுப்பில் முதலாம் பிள்ளை, மாணவத் தலைவி. சின்னத்தை நேராகக் குத்தியிருந்தாள்.

"மிஸ், கையாளுறது எண்டா கையாலை தொட்டு வேலை செய்யிறதோ?" என்று கேட்டாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. இந்த வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் பின்னேரம் வீட்டுக்குப் போய், காயப்போடுவதற்காகப் புகையிலை இலையைக் கயிற்றில் கோர்க்கிற பிள்ளைகள். இல்லையம்மா, சப்புறதோ சுருட்டுப் பத்துறதோ எண்டுதான் கேக்கினம் என்று சொல்ல ஒரு நிமிடம் போயிருக்காது. நான் விதியைக் காப்பாற்றினேன். "உமக்கு விளங்கினபடி போடும்," என்றேன். அவள் பேனையைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, நேர்மையான பிள்ளை, மறுபடியும் கை உயர்த்தினாள்.

"மிஸ், நேற்றும் இலை கோத்தனான், இண்டைக்கும் போய்க் கோக்கவேணும். அப்ப 'ஒவ்வொரு நாளும்' எண்டதுக்கோ புள்ளடி போடுறது?"

மாற்றக்கூடாத சொல்

அன்றைக்கே அந்த வகுப்பின் விடைத்தாள் கட்டின் மேலட்டையில் சிவப்புப் பேனையால் எழுதினேன்: 'கேள்வி 14: பிள்ளைகள் தோட்ட வேலை என்று விளங்கியிருக்கிறார்கள்.' அதோடு நேரே பல்கலைக்கழகத்துக்கு, எங்கள் பிரிவின் தலைவரிடம் போனேன். பெரியவர் என்றுதான் நாங்கள் சொல்லுவோம். கெட்ட மனிதர் அல்ல. குப்பி விளக்கில் படித்துப் பேராசிரியராக வந்தவர். குரல் உயர்த்திக் கதைத்து நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவரோடு சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

"சேர், பதினாலாவது கேள்வி பிழை," என்றேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "யோகா, இது கனக்க நாடுகளிலை பாவிக்கிற கேள்விக்கொத்து. ஒரு சொல்லை மாத்தினாலும் மற்ற நாடுகளோடை ஒப்பிடேலாது."

"அப்ப அந்தப் பள்ளிக்கூடத்துத் தாள்களிலை அந்தக் கேள்வியை மட்டும் விடுவம்."

"விட்டா அட்டவணையிலை இடைவெளி விழும்."

"பிழையான பதிலை விட இடைவெளி நல்லதெல்லோ சேர்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். எனக்கு அப்போது நாற்பது வயது.

"ஒப்பிடேலாத ஆய்வை நல்ல சஞ்சிகை எடுக்காது, நல்ல சஞ்சிகையிலை வராததை ஒருத்தரும் மேற்கோள் காட்டமாட்டினம், மேற்கோள் இல்லாத ஆய்வு செய்யாத ஆய்வு, பிள்ளை."

கேக்

கட்டுரை வெளிவந்தது. புகையிலை விளையும் ஊர்களில் பெண்பிள்ளைகளிடையே எதிர்பாராத அளவில் நாளாந்தப் புகையிலைப் பாவனை இருக்கிறது என்பதுதான் அதன் முதல் முடிவு. எதிர்பாராததுதான், உண்மையாக இருந்தால். என்னுடைய பெயர் கடைசிப் பக்கத்தில் நன்றி சொன்ன இடத்தில் இருந்தது, முதலெழுத்துப் பிழையாக.

அதன் பிறகு என் வேலை எண்ணுவது. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் கணினியைத் திறந்து, எங்கள் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சுவரில் ஒட்டிய வரைபில் ஒரு புள்ளி வைக்கவேண்டும். புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. பெரியவருக்கு வெளிநாடுகளிலிருந்து அழைப்புகள் வந்தன. எண்ணிக்கை ஐம்பதைத் தொட்ட அன்று கேக் வெட்டினோம். நானும் ஒரு துண்டு தின்றேன்.

மேற்கோள் காட்டிய கட்டுரைகளை வாசிப்பது என் வேலை இல்லை. ஆனால் வாசித்தேன். ஒருவர், வட இலங்கையில் பெண்பிள்ளைகளும் நாளாந்தம் புகையிலை மெல்கிறார்கள் என்று எழுதியிருந்தார். எங்கள் கட்டுரையில் மெல்கிறார்கள் என்ற சொல்லே கிடையாது. அவரை மேற்கோள் காட்டிய அடுத்தவர், புகைக்கிறார்கள் என்று எழுதினார். மூன்றாமவர், போரின் மனக்காயத்தால் புகைக்கிறார்கள் என்று காரணமும் கண்டுபிடித்துவிட்டார். இன்னொருவர் தலைக்கவசம் பற்றி ஏதோ சொல்லிவிட்டு அதற்கும் எங்களைத்தான் சாட்சிக்கு இழுத்திருந்தார். கஜனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கஜன் எங்கள் பிரிவின் புள்ளிவிபரக்காரன். என்னை விடப் பத்து வயது இளையவன். கட்டுரையின் மூன்றாவது ஆசிரியன். ஒவ்வொன்றாகப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"அக்கா, வாசிச்சிருந்தா எடுத்தெழுதியிருக்கமாட்டினம், வாசிக்காததாலைதான் எங்களுக்கு இவ்வளவு மதிப்பு."

புத்தகப்பை

கட்டுரையில் பள்ளிக்கூடத்தின் பெயர் இல்லை. ஆனால் புகையிலை விளையும் ஊர் என்று போட்டால் யாழ்ப்பாணத்தில் வேறு பெயர் போடத் தேவையில்லை. ஒரு பத்திரிகை அதை எடுத்துக் கொட்டை எழுத்தில் போட்டது. 'மாணவிகள் மத்தியில் பரவும் புகையிலை'. அடுத்த கிழமை வாகனத்தில் அதிகாரிகள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

இதை ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் எனக்குச் சொன்னது அந்தப் பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் பாட ஆசிரியை கமலினி. காலைக் கூட்டம் முடிந்ததும் பெண்பிள்ளைகளை மட்டும் நிறுத்தி, மைதானத்தில் வைத்து அவர்களுடைய புத்தகப்பைகளைத் தலைகீழாகக் கொட்டினார்களாம். ஆண்பிள்ளைகளின் பையை ஒருவரும் தொடவில்லை. கட்டுரையில் பெண்பிள்ளைகள் என்றுதானே இருந்தது. தர்சிகாவின் பையில் புகையிலை மணந்தது. விஞ்ஞானக் கொப்பிக்குள் காய்ந்த இலைத் துண்டு ஒன்று கிடந்தது. கோர்க்கிற கொட்டிலுக்குள் பாயைப் போட்டு இருந்து படிக்கிற பிள்ளையின் கொப்பிக்குள் வேறு என்ன கிடக்கும்? அத்தனை பேருக்கும் முன்னால் அவளுடைய சட்டையில் இருந்த மாணவத் தலைவர் சின்னத்தைக் கழற்றி எடுத்தார்கள். ரியூசனுக்குப் போகும் வழியில் பெடியள் 'சுருட்டு' என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

நான் உடனே ஓடிப்போனேன். ஆசிரியர் அறையில் கமலினி என்னை இருக்கச் சொல்லவில்லை. எத்தனையோ தடவை எனக்குத் தன் பாடவேளையைத் தந்த மனுசி.

"ஒரு மாசமாப் பிள்ளை பள்ளிக்கூடம் வரேல்லை, யோகா, 'உண்மையை எழுதுங்கோ, ஒருத்தருக்கும் தெரியவராது' எண்டு அதுகளுக்குச் சொன்னது நீங்கள்தானே?"

தோட்டத்தில்

தர்சிகாவின் தகப்பன் சிவநேசன் புகையிலைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற்றி விட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன் என்று நினைத்து மண்வெட்டியை வைத்துவிட்டு மரியாதையாக வரம்புக்கு வந்தார். நான் யார் என்று சொன்னேன். பதினாலாவது கேள்வியைச் சொன்னேன். பிள்ளை என்னிடம் கேட்டதையும், நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அவருடைய முகம் மெல்ல மெல்ல மாறியது.

"அப்ப உங்களுக்கு அண்டைக்கே தெரியும்."

"ஓம் அண்ணை."

"தெரிஞ்சும் எழுதினனீங்கள்."

"நான் எழுதேல்லை அண்ணை, எழுதினவைக்குச் சொன்னனான்…" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அந்த வரம்பில் நின்று அப்படிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

கட்டுரையைக் காட்டச் சொன்னார். கைப்பையில் இருந்தது, கொடுத்தேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனாலும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இதை எத்தனை பேர் எடுத்து எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார். நான்தானே எண்ணுகிறவள், சொன்னேன். வீட்டு ஜன்னலில் தர்சிகா நிற்பது தெரிந்தது. நான் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். சிவநேசன் கட்டுரையை மடித்து, என் கையில் தராமல் வரம்பில் வைத்தார்.

"இவ்வளவு பேர் எழுதினவை எண்டுறியள்; அதிலை ஒருத்தர் வந்து என்ரை பிள்ளையின்ரை முகத்தைப் பாத்து, 'நீ இதைத் தின்னுறனியோ பிள்ளை' எண்டு கேட்டவரோ?"

அதே வகுப்புக்கு மறுபடியும்

கஜனும் நானும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதினோம். அதே கேள்வியைத் திருத்தி அதே வகுப்பிடம் திரும்பக் கேட்க வேண்டும் என்றோம். பெரியவர் கையெழுத்து வைத்தார். ஒன்றும் வராது என்று நினைத்திருப்பார். பெற்றோரிடம் கமலினியே வீடு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்கினாள். "இந்தமுறை பதில் எங்களுக்குத்தான் முதலிலை வரவேணும்," என்று என்னிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்குள் விட்டாள்.

இந்தத் தடவை விதியை உடைத்தேன். கரும்பலகையில் எழுதினேன்: பத்தினனீங்களோ, சப்பினனீங்களோ, வாயிலை வைச்சனீங்களோ. தோட்ட வேலை வேறை, அது இதுக்குள்ளை இல்லை என்று மூன்று தடவை சொன்னேன். பெயர் எழுதாமல், ஆணா பெண்ணா என்று மட்டும் குறித்து, மடித்துப் பெட்டியில் போட்டார்கள். தர்சிகாவின் தாளைக் கமலினி வீட்டுக்குக் கொண்டுபோய் வாங்கிவந்தாள். கஜன் அங்கேயே இருந்து எண்ணினான். பெண்பிள்ளைகளில் ஒருத்தியும் 'ஓம்' என்று போடவில்லை. ஆண்பிள்ளைகளில் சிலர் மாவா என்று எழுதியிருந்தார்கள், பாக்கோடு புகையிலை கலந்து சின்னப் பையில் விற்கிறார்களே, அது. ரியூசனுக்குப் பக்கத்துக் கடையில் வாங்குகிறோம் என்று இடம்கூட எழுதியிருந்தான் ஒருவன். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன்போல எழுதியிருந்தான். பெண்பிள்ளைகளின் பைகளைக் கொட்டிக் குவித்த அன்று அந்தப் பெடியன் பக்கத்து வரிசையில் நின்றிருப்பான்.

தாள்களைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டபோது கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்தாள். கேள்வித்தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மிஸ், ஈர இலை கோக்கேக்கை எங்களுக்குத் தலை சுத்திச் சத்தி வாறது, அதை எத்தினையாம் கேள்வியிலை எழுதுறது?"

ஒரு பந்தி

புகையிலை இலையின் ஈரம் தோலால் உள்ளே போய்த் தலைசுற்றும் வாந்தியும் வரவைக்கும் என்பது எங்கள் பிரிவின் நூலகத்தில் இருந்த புத்தகத்திலேயே இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த உண்மையான இடர் அதுதான். 'கையாண்டோம்' என்று அவர்கள் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. நாங்கள்தான் அதை வேறாக வாசித்தோம். இதையெல்லாம் பெரியவரிடம் சொல்லி, கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பவேண்டும் என்றேன். "போடுவம், போடுவம். இப்ப நேரம் சரியில்லை. எங்கடை பிரிவின்ரை தரத்தையே இந்தக் கட்டுரைதான் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்குது," என்றார். அன்றைக்குத்தான் நான் அந்த அறையில் முதல் தடவையாகக் கத்தினேன். "ஒரு பிள்ளையின்ரை தலையிலை ஏறி நிக்குது சேர்!" என்றேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். நான் திறந்தே விட்டுவிட்டு வந்தேன்.

நானே சஞ்சிகைக்கு எழுதினேன். மிகவும் மரியாதையான பதில் வந்தது: கட்டுரையின் ஆசிரியர்கள் மட்டுமே திருத்தம் கோரலாம், நன்றி பெற்றவர்கள் கோர முடியாது. கஜனிடம் காட்டினேன். அவன் ஆசிரியன். ஆனால் அவனுடைய வெளிநாட்டு மேற்படிப்புக்குப் பெரியவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அது அந்த மாதம்தான் போகவேண்டியிருந்தது. நான் அவனைக் கேட்கவில்லை. மூன்று நாள் அவன் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் காலையில், நான் சிவப்புப் பேனையால் எழுதிய மேலட்டையைப் படம் எடுத்து, புதிய தாள்களின் முடிவையும் சேர்த்துத் தன் பெயரில் அனுப்பிவிட்டான். அனுப்பிய பிறகுதான் பெரியவரிடம் போய்ச் சொன்னான். பரிந்துரைக் கடிதம் வரவே இல்லை. அந்த வருடம் அவன் போகவில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது ரீ குடித்துக்கொண்டிருந்தான்.

"விடுங்கோ அக்கா, பிழை எண்டு தெரிஞ்ச கணக்குக்குக் கீழை என்ரை பேர் கிடக்கேக்கை, அங்கை போய் எந்த முகத்தோடை கணக்குப் படிக்கிறது?"

காலைக் கூட்டம்

திருத்தம் பல மாதங்களுக்குப் பிறகு வந்தது. இதழின் கடைசியில் ஒரே ஒரு பந்தி. மொழிபெயர்ப்புக் காரணமாக ஒரு முடிவு செல்லாது என்று, யாருக்கும் நோகாதபடி எழுதியிருந்தார்கள். அதை நான் தமிழில் எழுதினேன். யாருக்கு நோகவேண்டுமோ அவர்களுக்கு நோகும்படி எழுதினேன். அந்தப் பள்ளிக்கூடத்து அதிபர் தாளைப் பார்த்துவிட்டு, "நடந்தது நடந்துபோச்சு, திரும்ப ஏன் கிளறுவான்?" என்று இழுத்தார். கமலினி விடவில்லை. "பையைக் கொட்டினது மைதானத்திலை சேர். இதையும் மைதானத்திலைதான் வாசிக்கவேணும்," என்றாள்.

அன்று காலை சிவநேசன் தர்சிகாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் கேற்றுக்கு வெளியே நின்றுகொண்டார். அவள் தன் வகுப்பு வரிசையில் போய் நின்றாள். முன்னும் பின்னும் நின்றவர்கள் சற்று விலகி இடம் விட்டார்கள். மரியாதையா கூச்சமா என்று தெரியவில்லை. நான் வாசித்தேன். 'இந்தப் பாடசாலையின் பெண்பிள்ளைகள் புகையிலை பாவிப்பதாக நாங்கள் எழுதியது பிழை. அவர்கள் உண்மையைத்தான் எழுதினார்கள். பிழை எங்களுடையது. கேள்வி விளங்காமல் ஒரு மாணவி கேட்டபோது விளக்கம் சொல்லாமல் விட்டது நான்.' கடைசி வரி சஞ்சிகையில் இல்லை, நான் சேர்த்தது. வாசித்து முடித்துத் தலையை உயர்த்தினேன். ஒருவரும் கைதட்டவில்லை. அது நல்லதாய்ப் போயிற்று.

அதிபர் தர்சிகாவை முன்னுக்குக் கூப்பிட்டுச் சின்னத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அழவும் இல்லை. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி தெளிவாகக் கேட்டாள்.

"சேர், அண்டைக்குப் பை பாத்தவை ஒருத்தரும் இண்டைக்கு வரேல்லையே, அவைக்கு ஆர் இதை வாசிச்சுக் காட்டுறது?"

அவள் வரிசைக்குத் திரும்பிப் போனாள். அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். சின்னம் குத்தாமலே ஓ.எல் பரீட்சை எழுதி, நன்றாகச் செய்தாள். கமலினி பெற்றோரைக் கூட்டி, ஈர இலை கோர்க்கிற பிள்ளைகளுக்குக் கையுறை வாங்க வைத்தாள். மாவா விற்ற கடையையும் மூட வைத்தாள், அது இரண்டு சந்தி தள்ளித் திறந்துவிட்டதாகக் கேள்வி. கஜன் இரண்டு வருடம் பிந்தி வேறொருவரின் கடிதத்தோடு மேற்படிப்புக்குப் போனான். நான் வேலையை விட்டுவிட்டேன், ஆனால் பழக்கம் விடவில்லை. போன கிழமையும் கணினியைத் திறந்து பார்த்தேன்.

எங்கள் பிழையை எடுத்தெழுத இன்றைக்கும் உலகம் வரிசையில் நிற்கிறது, எங்கள் திருத்தத்தை எடுத்தெழுத ஒரு ஆளில்லை. இதற்குத்தான் எங்கள் தொழிலில் 'தாக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.